ஐஸில் வைத்த போத்தல்

மகனே,

உன் பெட்டியை அம்மா மூன்று தடவை அடுக்கி மூன்று தடவை அவிழ்த்துவிட்டாள். நெடுந்தீவில் சவர்க்காரம் கிடைக்காது என்று அவளுக்கு யார் சொன்னார்களோ தெரியாது, ஆறு கட்டி வைத்திருக்கிறாள். திங்கட்கிழமை காலை நீ குறிகட்டுவானில் படகேறி, அங்குள்ள ஆஸ்பத்திரியில் முதன்முதலாக டொக்டராகக் கதிரையில் உட்காரப் போகிறாய். அதற்கு முன் நீ இதை வாசித்துவிட வேண்டும். ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் உன் கையில் தந்துவிட்டு நான் வெளியே எங்காவது போய்விடுவேன். வாயால் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். சொல்லத்தான் நினைத்தேன், அம்மாதான் மறித்தாள். "எழுதிக் குடுங்கோ. வாயால சொல்லத் தொடங்கினா பாதி வழியில பகிடி விட்டிட்டு எழும்பிப் போயிடுவீங்கள்" என்றாள். முப்பது வருடமாக என்னோடு குடும்பம் நடத்துகிறவள், அவளுக்குத் தெரியாததா.

போன கிழமை நீ குசினி வாசலில் நின்று தேநீர் குடித்துக்கொண்டே ஒன்று கேட்டாய், நினைவிருக்கிறதா? "அப்பா, நெடுந்தீவில இருந்து உங்கட பல்கலைக்கழகத் துறைக்கு நோயாளிகளின்ர மாதிரிகள் அனுப்ப எனக்கு ஒரு நல்ல ஐஸ் பெட்டி வேணும். வாங்கித் தாங்கோ. நீங்கள்தானே அந்த விசயத்தில ராசா." சொல்லிவிட்டு நீயே விழுந்து விழுந்து சிரித்தாய். குறிகட்டுவான் இறங்குதுறையில் எனக்கு இருக்கும் பட்டப்பெயர் அப்படி. படகுக்காரர்கள் என்னைத் தூரத்தில் கண்டாலே "ஐஸ் வேண்டாம் அண்ணை வாறார்" என்று குரல் கொடுப்பார்கள். சின்ன வயதில் நீ அந்தப் பெயரைப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லி, உன் வகுப்பு முழுவதும் என்னை அப்படிக் கூப்பிட்டது. அந்தப் பெயர் எனக்கு ஏன் வந்தது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. அப்பாவின் வேலை அது, கடற்கரையில் நின்று ஆட்களுக்குப் புத்தி சொல்வது, அவ்வளவுதான் என்று நினைத்திருப்பாய். அன்றைக்கு நானும் சிரித்தேன். ஆனால் சிரித்த கையோடு நான் எழும்பிப் போனதை நீ கவனிக்கவில்லை.

நான் யார் என்பதில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நீ கண்ட அப்பா எப்போதும் நீல மேற்சட்டை போட்ட பல்கலைக்கழகப் பணியாள். அதற்கு முன் நான் ஊர்காவற்றுறையில் கடலுக்குப் போனவன். என் அப்பாவும் கடல், அவருடைய அப்பாவும் கடல். இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது படகும் இல்லை, வலையும் இல்லை, கையில் நீ மட்டும் கைக்குழந்தையாக இருந்தாய். சில வருடம் கண்ட கூலி வேலையெல்லாம் செய்தேன். பிறகு பங்குத் தந்தை எங்கோ விசாரித்து, பல்கலைக்கழகத்து மருத்துவ நுண்ணுயிரியல் துறையில் கண்ணாடிச் சாமான் கழுவ ஆள் தேடுகிறார்கள் என்று என்னை அனுப்பினார். நுண்ணுயிரியல் என்ற சொல்லை எனக்கு அன்றைக்கு ஒரு மூச்சில் சொல்ல ஏலவில்லை. கடலில் முப்பது பாகத்து ஆழத்தை இழுவலையின் கனத்தில் கணக்குப் பிடித்தவன், அங்கே போய் ஊசி முனையில் நிற்கிற ஒன்றைப் பார்க்கத் திணறினேன்.

திணறினேன் என்று எழுதிவிட்டேன், உண்மையில் அது திகைப்பு. இத்தனை வருடம் கழிந்தும் எனக்கு அந்தத் திகைப்புத் தீரவில்லை. முதல் நாள் அங்கே ஒரு அலுமாரியைக் காட்டினார்கள். மின்சாரத்தில் ஓடும் அலுமாரி, ஆனால் குளிர்சாதனப் பெட்டி இல்லை, சூட்டுப் பெட்டி. இரவும் பகலும் முப்பத்தேழு பாகையில் நிற்கும். ஏன் முப்பத்தேழு என்று கேட்டேன். அது எங்கள் உடம்புச் சூடு என்றார்கள். நோயாளியின் உடம்பில் இருந்து எடுத்த கிருமி, தான் இன்னும் மனிதனுக்குள்ளேதான் இருக்கிறேன் என்று நினைத்து அந்தப் பெட்டிக்குள் வளருமாம். அடுத்த நாள் காலை கதவைத் திறந்தால், முதல் நாள் வெறுமையாக வைத்த தட்டுகளில் புள்ளி புள்ளியாகக் குடியிருப்புகள். ஒன்று பொன் நிறம். ஒன்று பச்சையாகி கொடிமுந்திரிகைப் பழ வாசம் வீசும். இன்னொன்று தட்டு முழுவதும் வட்டம் வட்டமாகப் பரவியிருக்கும், கடல் வற்றி முடிந்த கரையில் தண்ணீர் விட்டுப்போன வரிகளைப் போல. முதல் முறை அதைப் பார்த்தபோது நான் தொப்பியைக் கழற்றினேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அந்தத் தட்டுகளில் ஊற்றுகிற கூழ் எதில் இருந்து வருகிறது என்று தெரிந்தபோது இன்னும் ஆச்சரியம். கடற்பாசி, மகனே. எங்கள் கரையில் சாதாளைக் கடற்புல்லோடு சேர்ந்து ஒதுங்கிக் கிடக்கும் பாசிகளின் இனம். நான் விட்டுவிட்டு வந்த கடல் ஒரு தகரப் பேணிக்குள் தூளாகி எனக்கு முன்னாலேயே அங்கே வந்து காத்திருந்தது. அதைக் காய்ச்சி, கொஞ்சம் ஆறவிட்டு, ஆட்டு இரத்தம் கலந்து தட்டில் ஊற்றுவதற்கு எனக்கு ஒரு மாதத்தில் கை பழகிவிட்டது. சூட்டோடு இரத்தத்தை ஊற்றினால் கறுத்துப்போகும், ஆறிப்போனால் கட்டிபடும். கன்னத்தில் போத்தலை வைத்துப் பார்த்துத்தான் நான் பதம் சொல்வேன். எங்கள் துறைத் தலைவர், நாங்கள் மேடம் என்று கூப்பிடுகிறவர், அதைக் கண்டு ஒருநாள் "உம்மட கன்னத்துக்கு ஒரு வெப்பமானிப் பட்டம் குடுக்கலாம்" என்றார். அவர் பகிடி விடுவது வருடத்துக்கு ஒரு முறைதான்.

மேடத்தைப் பற்றி உனக்குத் தெரியும், உனக்கும் அவர் படிப்பித்திருக்கிறார். ஆனால் மாணவர்கள் போன பிறகு அவர் வேலை செய்வதை நீ பார்த்திருக்க மாட்டாய். காலையில் ஒவ்வொரு தட்டையும் யன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்து, சாய்த்து, திருப்பிப் பார்ப்பார். ஒன்றும் வளராத தட்டைத்தான் அதிக நேரம் பார்ப்பார். எனக்கு அது விளங்காது. வெறும் தட்டில் என்ன இருக்கிறது என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "வளரேல்லை எண்டு எழுத முன்னம், ஏன் வளரேல்லை எண்டு கேக்க வேணும். கிருமி இல்லாமலும் இருக்கலாம். நாங்கள் சாக்காட்டியும் இருக்கலாம்" என்றார். நல்ல பேச்சு என்று தலையாட்டிவிட்டுக் கழுவப் போனேன். அந்தப் பேச்சு ஒருநாள் எனக்கே திரும்பி வரும் என்று அப்போது தெரியாது.

உனக்கு அப்போது நாலு வயது. நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். கோயில் பெருநாளுக்கு நீ வெயிலில் ஓடித் திரிந்தாய், அடுத்த நாள் காய்ச்சல். வெயில் காய்ச்சல் என்று அம்மா கொத்தமல்லித் தண்ணீர் அவித்துத் தந்தாள். அதற்கடுத்த நாள் சனிக்கிழமை. காலையில் நீ கழுத்தை வளைக்க மாட்டேன் என்று கத்தினாய், பிறகு கத்தவும் இல்லை. ஊர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கிருந்த டொக்டர் இளம் பெடியன், இன்றைக்கு உனக்கு உள்ள வயதுதான் இருக்கும். உன்னைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. மூளைக்காய்ச்சல் என்றான். உன்னை வளைத்துப் பிடிக்கச் சொல்லி முள்ளந்தண்டில் இருந்து கொஞ்சம் தண்ணீர் எடுத்து ஒரு சின்னப் போத்தலில் விட்டான், உடனேயே முதல் ஊசியும் போட்டான். அம்புலன்ஸ் வேறொரு நோயாளியோடு போயிருந்தது, திரும்பி வந்துதான் உன்னை நகரத்துக்கு ஏற்ற வேண்டும். "நீங்கள் நுண்ணுயிரியல் துறையிலயெல்லோ வேலை? இதை நீங்களே கையோட கொண்டு போங்கோ, அம்புலன்ஸைப் பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ. பழுதாகாமல் கொண்டுபோய்க் குடுங்கோ" என்றான். உன்னை அம்மாவிடம் விட்டுவிட்டு நான் போத்தலோடு வெளியே வந்தேன்.

பழுதாகாமல் என்றான். மகனே, மீன்காரனிடம் பழுதாகாமல் என்று சொன்னால் அவன் என்ன செய்வான்? உடம்பில் இருந்து வந்த எதுவும், கடலில் இருந்து வந்த எதுவும், வெயிலில் ஒரு மணித்தியாலம் நின்றால் நாறிவிடும் என்றுதான் எனக்குப் பிறந்ததில் இருந்து தெரியும். துறையிலும் ஆறு மாதமாகச் சிறுநீர் நிரம்பிய சலப் போத்தல்களைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தது நான்தான், அதுவும் சேர்ந்துகொண்டது. பஸ் தரிப்புக்குப் போகும் வழியில் சூசை அண்ணையின் மீன்வாடியில் ஏறினேன். "அண்ணை, என்ர பெடிக்குச் சுகமில்லை, கொஞ்சம் ஐஸ் தாங்கோ" என்றேன். அந்த மனிதன் பாவம், தன் நல்ல பெட்டியையே தந்து, புது ஐஸை உடைத்துப் போட்டு, போத்தலை நடுவில் புதைத்து, மேலே சாக்கால் மூடி, கயிற்றால் கட்டித் தந்தான். பஸ்ஸில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கடலுக்கு நடுவே போகும் தாம்போதி முழுவதும் செபம் சொல்லிக்கொண்டு போனேன். என் வாழ்க்கையில் ஒரு சாமானை அவ்வளவு கவனமாக நான் கொண்டுபோனது இல்லை.

சனிக்கிழமைகளிலும் மேடம் தட்டுப் பார்க்க வருவார், கிருமிக்கு லீவு இல்லை என்பார். நான் பெட்டியை மேசையில் வைத்ததும் "ஆரின்ர மாதிரி?" என்று கேட்டார். "என்ர மகன், மேடம்" என்றேன். அவர் கயிற்றை அவிழ்த்து, சாக்கை விலக்கி, ஐஸைக் கண்டார். போத்தலை எடுத்துப் புறங்கையால் தொட்டார். "எவ்வளவு நேரம் இதுக்க இருந்தது?" "ரெண்டு மணித்தியாலம், மேடம். கொஞ்சமும் உருகேல்லை பாருங்கோ" என்றேன். அதை நான் பெருமையாகச் சொன்னேன், மகனே. அந்த நேரத்தில் மேடம் என்னைப் பார்த்த பார்வைக்கு எனக்கு அன்று அர்த்தம் தெரியவில்லை. கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் "சரி. கையைக் கழுவிப்போட்டு வந்து இரும்" என்று மட்டும் சொன்னார்.

பிறகு அவர் செய்ததை நான் கதிரையில் இருந்து பார்த்தேன். ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி, காயவைத்து, சுவாலையில் காட்டி, ஊதாச் சாயம் ஊற்றிக் கழுவி, பிறகு ஒன்று, பிறகு ஒன்று. அந்தச் சாயப் போத்தல்களைத் தினமும் துடைத்து அடுக்குவது நான், ஆனால் அவை எதற்கு என்று அன்றுதான் கண்டேன். நுணுக்குக்காட்டியில் குனிந்தவர் கனநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்து "இஞ்ச வாரும், பாரும்" என்றார். பார்த்தேன். வெளிறிய வெளியில் ஊதா நிறப் புள்ளிகள், எல்லாம் சோடி சோடியாக. தனியாக ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றும் தன் துணையோடு அமைதியாக நின்றது. "இதுதான் உம்மட பிள்ளையின்ர மூளையைச் சுத்தி நிக்குது" என்றார். மூன்று தலைமுறையாகக் கடலைப் பார்த்துப் பயந்தவர்கள் நாங்கள். காற்றுக்கும் சுழிக்கும் பயந்தோம். என் பிள்ளையை எடுத்துப்போக வந்தது இத்தனை சின்னதாக, இத்தனை ஒழுங்காக, பார்க்க வடிவாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. படைத்தவன் இதையும் படைத்தானா என்று கேட்டேன், வாய்விட்டா மனதுக்குள்ளா என்று நினைவில்லை. மேடம் அதற்குள் தொலைபேசியில் உன்னை ஏற்றிவரும் நகரத்து ஆஸ்பத்திரி வார்ட்டோடு பேசிக்கொண்டிருந்தார்.

செத்த கிருமிக்கும் சாயம் பிடிக்கும். அதனால்தான் அது எந்த இனம் என்று அன்றைக்கே தெரிந்தது. ஆனால் எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று அறிய, அதை உயிரோடு வளர்க்க வேண்டும். மேடம் மாதிரியைத் தட்டில் கீறிச் சூட்டுப் பெட்டியில் வைத்தார். ஞாயிறு காலை நான்தான் கதவைத் திறந்தேன். தட்டு வெறுமை. திங்களும் வெறுமை. நீ வார்ட்டில் கண் திறக்காமல் கிடந்தாய், காய்ச்சல் இறங்கவில்லை, கொடுத்துக்கொண்டிருந்த மருந்து கேட்கிறதா இல்லையா என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்தத் தட்டில்தான் இருக்க வேண்டும். மேடம் அதை யன்னலில் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஏன் மேடம் வளரேல்லை?" என்று கேட்டேன். அவர் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். "குளிர். இந்தக் கிருமிக்கு மனிசச் சூடு வேணும், ஐஸில செத்துப்போகும். இதை உடம்புச் சூட்டோட கொண்டு வாறதுதான் முறை" என்றார். பிறகு வார்ட்டுக்கு நேரே போய், தன் அனுபவத்தை மட்டும் வைத்துக்கொண்டு அங்குள்ள டொக்டர்மாரோடு பேசி, மருந்தை மாற்றச் செய்தார். மூன்று நாள் அதில் போய்விட்டது. ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. நீ அம்மாவைப் பார்த்துத் தண்ணீர் கேட்டாய்.

உயிர் வந்துவிட்டது என்று ஊருக்கே இனிப்புக் கொடுத்தோம். ஒரு மாதம் கழித்து நீ முற்றத்தில் இருந்து சங்கு வைத்து விளையாடினாய். வலது காதில் வைத்து "கடல் கத்துது" என்று சிரித்தாய். இடது காதில் வைத்தாய். திரும்பவும் வைத்தாய். பிறகு சங்கை அம்மாவிடம் நீட்டி "இது பழுதாப் போச்சு" என்றாய். அம்மா அந்த இடத்திலேயே இருந்து அழுதாள். "நான்தான் ஒருநாள் பிந்திப் போனன். கொத்தமல்லித் தண்ணியோட நிண்டிட்டன்" என்று தலையில் அடித்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவளுடைய கையைப் பிடித்தேன். இல்லை, ஐஸ் வைத்தவன் நான் என்று சொல்லவில்லை.

இதுதான் நான் உனக்குச் சொல்ல வேண்டியது. உன் இடது காது போனதற்கு என் கையும் காரணமாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் எழுதுகிறேன். மேடத்திடம் கேட்டேன். "பிந்தினதால வந்ததோ, கிருமியால வந்ததோ, ஐஸால வந்ததோ, ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாததைத் தெரியும் எண்டு சொல்லாதையும்" என்றார். அது ஒரு விஞ்ஞானியின் நேர்மை. நான் அதை எடுத்து என் கோழைத்தனத்துக்குப் போர்வையாக்கிக்கொண்டேன். தெரியாத ஒன்றை ஏன் சொல்ல வேண்டும் என்று இருபத்துமூன்று வருடம் இருந்துவிட்டேன். அம்மா ஒவ்வொரு பெருநாளுக்கும் அழுதாள். ஒவ்வொரு பெருநாளுக்கும் நான் ஏதாவது பகிடி சொல்லி அவளைச் சிரிக்க வைத்தேன். கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சியும் இருக்கிறேன். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அந்த நாட்களில் வேலையை விடுகிறேன் என்று ஒரு கடிதம் எழுதிக்கொண்டு மேடத்திடம் போனேன். அவர் வாசித்துவிட்டு மடித்து என் மேற்சட்டைப் பையிலேயே வைத்தார். "விட்டிட்டுப் போய் ஆருக்கு என்ன நன்மை? நெடுந்தீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறை, எல்லா இடமும் கடல் சனம். ஆரின்ர கையில போத்தலைக் குடுத்தாலும் நல்லெண்ணத்தோட ஐஸுக்கதான் வைப்பினம். நான் போய்ச் சொன்னா மேடம் ஏதோ படிச்ச கதை கதைக்கிறா எண்டுவினம். உம்மைவிட ஆர் போய்ச் சொல்ல ஏலும்?" பதிவுப் புத்தகத்தில் உன் மாதிரிக்கு நேரே "குளிரில் வந்து சேர்ந்தது" என்று மட்டும் எழுதினார். யார் கொண்டுவந்தது என்று எழுதவில்லை. அடுத்த கிழமை என்னைக் குறிகட்டுவானுக்கு அனுப்பினார். அப்படி வந்ததுதான் அந்தப் பட்டப்பெயர். சலம் என்றால் ஐஸ், இரத்தமும் முள்ளந்தண்டுத் தண்ணீரும் கிருமி வளர்க்க வருகிறதென்றால் ஐஸ் வேண்டாம் அண்ணை, சட்டைக்குள் வையுங்கோ அண்ணை என்று ஒவ்வொரு படகாக ஏறி இறங்கினேன். நீ வகுப்பில் சொல்லிச் சிரித்த அந்தப் பெயர் எனக்கு ஒரு தண்டனையாகத் தொடங்கியது. பிறகு எப்போது அது மரியாதையாக மாறியது என்று எனக்கே தெரியாது.

நீ ஏழாம் வகுப்புப் படிக்கும்போது நயினாதீவில் இருந்து ஒரு போத்தல் வந்தது. ஐந்து வயதுப் பெண் பிள்ளை, உனக்கு வந்த அதே காய்ச்சல். படகுக்காரன் அதைத் துவாயில் சுற்றிச் சாரத்து மடிப்பில் செருகி, வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்திருந்தான். என் கையில் தந்தபோது போத்தல் சூடாக இருந்தது, அவனுடைய வியர்வையும் இருந்தது. நான் அதை என் சட்டைக்குள் வைத்து மோட்டார் சைக்கிளில் பறந்தேன். அடுத்த நாள் காலை மேடம் சூட்டுப் பெட்டியைத் திறந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "வந்து பாரும்." சிவப்புத் தட்டில் பனித்துளி அளவில் சின்னச் சின்னக் குடியிருப்புகள், ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய பச்சை வளையம். உன் தட்டில் நான் இரண்டு நாள் தேடியது அதுதான். அடுத்த நாள் இன்னொரு தட்டில் மருந்து வில்லைகளை வைத்துப் பார்த்தார்கள். ஒரு வில்லையின் ஓரம் வரை கிருமி வளர்ந்து முட்டி நின்றது, அந்த மருந்து கேட்காது. பக்கத்து வில்லையைச் சுற்றி ஒன்றும் இல்லாத தெளிந்த வட்டம். அதுதான் கேட்கும். எவ்வளவு எளிது பார்த்தாயா? கடற்பாசியும் ஆட்டிரத்தமும் ஒரு படகுக்காரனின் வயிற்றுச் சூடும் சேர்ந்து, எந்த மருந்தைக் கொடு என்று வாய்விட்டுச் சொன்னதுபோல் சொல்லிவிட்டன. நான் சுவரில் சாய்ந்து நின்று அழுதேன். மேடம் தன் கைக்குட்டையை நீட்டினார்.

அந்தப் பிள்ளை எழும்பி இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு வார்ட்டுக்குப் போனேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. அவளுடைய இடப்பக்கமாகப் போய், பின்னால் நின்று, சாவிக் கொத்தை மெல்லக் குலுக்கினேன். சட்டென்று திரும்பி என்னை முறைத்தாள். வலப்பக்கம் போய்க் குலுக்கினேன். திரும்பவும் முறைத்தாள். "அம்மா, இந்த ஆளுக்கு என்ன வருத்தம்?" என்று தாயிடம் கேட்டாள். என் வாழ்நாளில் என்னை யாரும் அவ்வளவு சந்தோசப்படுத்தியதில்லை. பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது அந்தச் சந்தோசத்துக்குள் உன் முகம் வந்தது, அதன் பிறகு என்னால் சாப்பிட ஏலவில்லை.

முந்தநாள் அம்மாவிடம் சொன்னேன். அவள் உன் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். கடைசிவரை கேட்டாள். "இருபத்துமூண்டு வருசம் என்னைத் தனிய அழ விட்டனீங்களே" என்றாள். இரண்டு நாள் தேநீர் மேசைக்கு வந்தது, ஆள் வரவில்லை. இன்றைக்குக் காலைதான் வந்து, எழுதிக் குடுங்கோ என்று சொன்னாள். அவள் என்னை மன்னித்தாளா என்று கேட்கத் துணிவில்லை. நீ மன்னிக்க வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். உன் அம்மா பிந்தவில்லை, அல்லது அவள் மட்டும் பிந்தவில்லை. அதை அவளுக்கு நீ உன் வாயால் சொல்லு. டொக்டர் சொன்னால் நம்புவாள்.

நெடுந்தீவில் நீ தனியாக இருப்பாய். கடல் கொதிக்கும் நாட்களில் படகு ஓடாது, நோயாளியை அனுப்ப ஏலாது, போத்தல் மட்டும் எப்படியோ ஒரு துணிந்தவனின் மடியில் கரை சேரும். அவனிடம் பழுதாகாமல் கொண்டுபோ என்று மட்டும் சொல்லாதே. எங்கள் சனத்துக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் ஐஸ். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லு, ஏன் என்றும் சொல்லு, திரும்ப அவனை ஒருமுறை சொல்ல வை. பிழை விட்டு வருகிறவனை மேடம் என்னைப் பார்த்த மாதிரிப் பார். அவனுக்கு ஒரு வேலை கொடு. ஒன்றும் வளரவில்லை என்று அறிக்கை வந்தால், ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடாதே. நுணுக்குக்காட்டியில் எப்போதாவது அந்தச் சோடிப் புள்ளிகளைக் கண்டால் கொஞ்ச நேரம் பார். அவற்றை வெறுக்க எனக்கு இன்னும் வரவில்லை. பயமும் மரியாதையும்தான் வருகிறது.

நீ கேட்ட ஐஸ் பெட்டியை வாங்கிவிட்டேன். அதோடு இன்னொன்றும் செய்திருக்கிறேன். வேப்பம் பலகையில், உள்ளே பஞ்சு வைத்து, போத்தல் நிற்க ஆறு குழி வெட்டிய பெட்டி. மூடியில் சிவப்பு மையால் "ஐஸ் வேண்டாம் அண்ணை" என்று எழுதியிருக்கிறேன். அடுத்த வருடம் நான் ஓய்வு பெறும் வரை அந்தப் பெட்டியைக் குறிகட்டுவானில் வாங்குவது என் கைதான். இந்தக் கையில் உன் போத்தலைத் தர உனக்குச் சம்மதம் என்றால், திங்கட்கிழமை படகில் ஏறும்போது அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு போ. சம்மதமில்லை என்றால் கரையில் வைத்துவிட்டுப் போ, நான் வேறொருவரை ஒழுங்கு பண்ணுகிறேன். எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம்.

இதைச் சொல்லாமல் இருபத்துமூன்று வருடம் இருந்துவிட்டேன் என்று மேலே எழுதியது முழு உண்மை இல்லை. வீட்டில் நாங்கள் எல்லோரும் உன் வலப்பக்கமே நடப்போம், வலப்பக்கமே இருப்போம், உனக்குக் கேட்க வேண்டும் என்று. ஆனால் பஸ்ஸில் சில நாட்களில், நீ வலப்பக்க யன்னலோரம் இருந்து கடலைப் பார்த்துக்கொண்டு வரும்போது, நான் உன் இடப்பக்கம் இருந்திருக்கிறேன். தாம்போதியில் பஸ் ஏறியதும் உன் இடது காதுக்குப் பக்கத்தில் குனிந்து, ஐஸ் வைத்தது நான்தான் ராசா என்று சொல்லியிருக்கிறேன். ஒருமுறை இரண்டுமுறை அல்ல. சில நேரம் உனக்கு மூச்சுக்காற்றுப் பட்டிருக்கும், திரும்பி "என்னப்பா, ஏதும் சொன்னீங்களோ?" என்று கேட்பாய். "ஒண்டுமில்லை" என்பேன். கேட்காத காதாகப் பார்த்து இருபத்துமூன்று வருடம் சொன்னதைத்தான், இன்றைக்கு உன் வலப்பக்கம் வந்து எழுதியிருக்கிறேன்.

அப்பா